காதைப் பொத்துகிற பிள்ளை

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு பேர் வேண்டியிருக்கிறது. முதுகு வலித்தால் ஒரு பேர், தூக்கம் வராவிட்டால் ஒரு பேர், மாமியார் மருமகள் சண்டைக்குக்கூட ஒரு பேர் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் பிள்ளை அழுதால் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவார்கள். காக்காயைக் காட்டுவார்கள். இப்போது பிள்ளையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் போனைத் தடவுகிறார்கள், இது என்ன வியாதி என்று பார்க்க.

சனிக்கிழமை விடியற்காலையில் வேட்டியைக் கட்டிக்கொண்டே ஆரோக்கியமுத்து இப்படி நினைத்தார். நினைத்ததை வாய்விட்டும் சொன்னார். அவருக்கு இடது காது அநேகமாகப் போய்விட்டது. நாற்பது வருஷம் கல்குவாரியில் பாறைக்கு வேட்டு வைத்த காது. அவர் மெதுவாகப் பேசுவதே எதிர்வீட்டுக்குக் கேட்கும்.

"மாமா, கொஞ்சம் மெல்லப் பேசுங்க. இப்பத்தான் காதுலேர்ந்து கைய எடுத்தான்" என்றாள் மருமகள் சோபியா.

பிரிட்டோ பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான். நாலு வயசு. ஒரே பேரன். தாத்தாவின் குரல் கேட்டதும் கை மறுபடி காதுக்குப் போனது.

"நான் என்ன பேசினாலும் இவனுக்கு இடிதான்" என்றார் ஆரோக்கியமுத்து. "பெத்த அப்பனப் பெத்தவன் நான். என்னைக் கண்டா எலி மாதிரி சந்துல பூந்துக்கிறான். நீ செல்லங் குடுத்த லட்சணம்."

சோபியா பிள்ளையின் புதுச் சட்டையைத் திருப்பிப் போட்டு, கழுத்துப் பக்கம் தைத்திருந்த, கம்பெனிப் பேர் போட்ட துண்டுத் துணியைப் பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தாள். அந்தத் துண்டுத் துணி இருந்தால் பிரிட்டோ சட்டையைக் கிழித்தெறிவான்.

எல்கேஜி டீச்சர் கலைமதி ஒரு காகிதம் கொடுத்தனுப்பியதில் ஆரம்பித்தது இந்தச் சனிக்கிழமை. மணி அடித்தால் பெஞ்சுக்கு அடியில் போகிறான். மணலில் கால் வைக்க மாட்டேன் என்கிறான், நுனிக்காலில் நடக்கிறான். வெறும் சோறும் அப்பளமும் தவிர எதைக் கண்டாலும் ஓங்கரிக்கிறான். பக்கத்துப் பிள்ளை தொட்டால் சுட்டதுபோல் கத்துகிறான். கடைசியில் ஒரு வரி: 'நான் டாக்டர் இல்லை. ஆனால் இது அடம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருமுறை காட்டிப் பாருங்கள்.'

அந்தக் காகிதத்தை ஆரோக்கியமுத்து கோழிக்கூண்டு ஓட்டுக்கு அடியில் செருகிவிட்டார். சோபியா மூன்று நாள் வீடெல்லாம் தேடினாள். நாலாம் நாள் டீச்சரிடம் போய் இன்னொன்று எழுதி வாங்கி வந்து, அதைத் தன் ஜாக்கெட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

குவைத்திலிருந்து மகன் அமல்ராஜ் போனில் சொன்னது ஒன்றுதான். "அப்பா, நீங்களும் கூடப் போங்க. அவ ஒருத்தியா அவனப் பஸ்ல கொண்டுபோக முடியாது."

போகிறேன் என்று ஆரோக்கியமுத்து சொன்னது மகனுக்காக இல்லை. காவலுக்கு. அந்த ஆஸ்பத்திரியில் எவனாவது பிள்ளையின் பேருக்கு எதிரே ஒரு வார்த்தை எழுதிவிட்டால், அப்புறம் சாகிறவரைக்கும் அது அழியாது. எழுதவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் போனார்.

அதற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது. ஐம்பத்தைந்து வருஷமாக அதை யாரிடமும் சொன்னதில்லை.

*

முதல் பஸ்ஸில் கூட்டம் இல்லை. புதுக்கோட்டைக்குப் போய்ச் சேரும்வரை பிரிட்டோ அம்மாவின் முந்தானைக்குள் தலையை விட்டுக்கொண்டு வந்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கென்று தனிக் கட்டடம். வரிசையில் எட்டுப் பேருக்குப் பின்னால் இவர்கள். கூப்பிட்டு உள்ளே போனதும் ஆரோக்கியமுத்துவுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. கட்டில் இல்லை, ஊசி இல்லை, கழுத்தில் குழாய் மாட்டிய டாக்டரும் இல்லை. விட்டத்திலிருந்து ஒரு ஊஞ்சல் தொங்கியது. தரையில் மெத்தை. மூலையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு ரப்பர் பந்து.

"இது ஆஸ்பத்திரியா, பொருட்காட்சியா?" என்றார்.

"உக்காருங்க ஐயா" என்றாள் அங்கே இருந்த பெண். பரிமளா என்று பேர். சின்ன வயசு. தெரபி பார்க்கிறவள். அவள் நாற்காலியில் உட்காரவில்லை. பிரிட்டோவைப் பார்க்கவும் இல்லை. தரையில் உட்கார்ந்து, மின்விசிறியை எழுந்துபோய் நிறுத்திவிட்டு வந்து, மறுபடி உட்கார்ந்து, சோபியாவிடம் மட்டும் தாழ்ந்த குரலில் பேசினாள்.

குக்கர் விசில் அடித்தால் என்ன செய்வான்? நகம் வெட்டினால்? தலைக்குத் தண்ணீர் ஊற்றினால்? இருட்டில் தூங்குவானா? விழுந்து அடிபட்டால் அழுவானா?

"அது மட்டும் அழ மாட்டான் மேடம்" என்றாள் சோபியா. "போன மாசம் முட்டியில ரத்தம் வந்துச்சு. அவன் பாட்டுக்கு ஓடுறான். ஆனா தலை சீவினா உசுரு போற மாதிரி கத்துறான். பாக்கிறவங்க நான் அடிக்கிறேன்னு நெனைக்கிறாங்க. கடையில, கோயில்ல, எல்லா எடத்துலயும். பூசை பாதியில எந்திரிச்சு வந்திருக்கேன். ஒரு நாள் நானும் அடிச்சுட்டேன் மேடம்."

ஆரோக்கியமுத்து மோட்டுவளையைப் பார்த்தார். அவள் அடித்தது அவருக்குத் தெரியாது.

பேசிக்கொண்டே பரிமளா அந்தப் பெரிய பந்தை மெல்ல உருட்டினாள். அதற்குள் மெத்தையில் போய்க் குப்புறப் படுத்துவிட்ட பிரிட்டோவின் முதுகுமேல் அது ஏறி இறங்கியது. அவள் கையால் அழுத்தினாள். ஆரோக்கியமுத்து நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். பிள்ளை கத்தப்போகிறான்.

பிரிட்டோ சிரித்தான்.

"இன்னும்" என்றான்.

வேற்றாளிடம் அவன் வாய் திறந்து அன்றுதான் பார்க்கிறார்கள். சோபியா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"லேசாத் தொட்டா சில பிள்ளைகளுக்கு ஆகாது. அழுத்திப் பிடிச்சா பிடிக்கும்" என்றாள் பரிமளா. "சத்தம், வெளிச்சம், துணி, வாசனை இதெல்லாம் நமக்கு வர்ற அளவுல அவனுக்கு வரலையோன்னு தோணுது. சிலது கூடுதலா வருது. சிலது கம்மியா வருது. அதான் முட்டியில அடிபட்டா தெரியல, சீப்பு பட்டா தாங்கல. ஆனா இன்னைக்கே இதுதான்னு நான் சொல்ல மாட்டேன். காது டெஸ்ட் எடுக்கணும். குழந்தை டாக்டர் பாக்கணும். நான் இன்னும் மூணு நாலு தடவை பாக்கணும்."

"அப்ப ஒங்களுக்கே தெரியல" என்றார் ஆரோக்கியமுத்து.

"இன்னும் தெரியல ஐயா."

"தெரியாததுக்கு எதுக்கு நாலு தடவை பஸ் ஏறணும்?"

"தெரிஞ்சுக்கத்தான்" என்றாள் பரிமளா. கோபப்படவில்லை. "நீங்க என்ன வேலை பாத்தீங்க?"

"குவாரியில வேட்டு."

"அப்ப நீங்க எனக்குச் சொல்லிக் குடுக்கணும். வெடிக்கிறதுக்கு முன்னாடி என்ன செய்வீங்க?"

இதில் ஏதோ சூது இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. ஆனாலும் தொழிலைக் கேட்டால் வாய் சும்மா இருக்காது. "செவப்புக் கொடி காட்டுவோம். வேட்டு, வேட்டு, வேட்டுன்னு மூணு தடவை சத்தங் குடுப்போம். எல்லாப் பயலும் பள்ளத்துல எறங்கினப்புறந்தான் திரி."

"சத்தங் குடுக்காம வச்சா?"

"எவனாச்சும் செத்துருவான். இல்லாட்டி மெரண்டு ஓடி விழுவான்."

"பிரிட்டோவுக்கு நாள் முழுக்க யாருமே சத்தங் குடுக்காம வேட்டு வைக்கிறோமுங்க" என்றாள் பரிமளா. "மிக்சி போடுறதுக்கு முன்னாடி சொல்லுங்க. குக்கர் விசில் வரப்போகுதுன்னு சொல்லுங்க. தொடுறதுக்கு முன்னாடி சொல்லுங்க. அது போதும், இப்போதைக்கு."

இதற்கா காலேஜுக்குப் போனாள் என்று ஆரோக்கியமுத்துவுக்கு வந்தது. குவாரியில் கைநாட்டு வைக்கிறவனுக்கும் தெரிந்த சமாசாரம்.

பரிமளா கேள்விகள் அச்சடித்த ஒரு பாரத்தை எடுத்து மடியில் வைத்தாள். "ஒண்ணே ஒண்ணு கேட்டு முடிச்சுருவேன். ஒங்க ரெண்டு பேர் குடும்பத்துலயும், முந்தின தலைமுறையிலயும், யாருக்காச்சும் இப்படி இருந்திருக்கா? சத்தம் தாங்காம, நுனிக்கால்ல நடந்துக்கிட்டு? இருந்திருந்தா சொல்லுங்க. மறைக்க வேணாம். எனக்கு ரொம்ப ஒத்தாசையா இருக்கும்."

"எங்க வீட்டுப் பக்கம் இல்ல" என்றாள் சோபியா. "மாமா, ஒங்க பக்கம்?"

அறைக்குள் மின்விசிறி ஓடவில்லை. பிரிட்டோ மெத்தையில் கன்னத்தை வைத்துக்கொண்டு கிடந்தான். படுத்திருக்கும்போதும் குதிகாலைத் தூக்கி, விரல்களை மட்டும் மெத்தையில் ஊன்றியிருந்தான்.

அந்தக் கால் ஆரோக்கியமுத்துவுக்குத் தெரியும். பிரிட்டோ நடக்க ஆரம்பித்த அன்றைக்கே தெரியும். ஊரில் ஒருவருக்கும் தெரியாததை அவர் முதல் நாளே பார்த்துவிட்டார்.

தம்பி செவத்தியான் அப்படித்தான் நடப்பான். திருவிழாவில் தேருக்கு முன்னால் வேட்டுப் போட்டால் வைக்கோல் போருக்குள் புகுந்துகொள்வான், பொழுது விழுந்தாலும் வெளியே வர மாட்டான். புதுச் சட்டையைக் கண்டால் ஓடுவான். ஊர் அவனுக்கு ஒரு பேர் வைத்தது. பேய் பிடித்தவன். பேர் வந்ததும் எல்லாருக்கும் வழி தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வயசில், தூரத்தில், பேய் ஓட்டுவதற்குப் பேர்போன ஒரு மாதா கெபிக்குக் கொண்டுபோய் வேப்பமரத்தில் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். பதினோரு மாசம். திரும்பி வந்தவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அந்த ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு போய்விட்டான். அப்புறம் வீட்டில் ஒருவரும் அவன் பேரை எடுக்கவில்லை. அமல்ராஜுக்கே தெரியாது, தனக்கு ஒரு சித்தப்பா இருந்தது.

"ஐயா?" என்றாள் பரிமளா.

"யாரும் இல்ல" என்றார் ஆரோக்கியமுத்து. "எங்க வம்சத்துல அப்படி யாரும் இல்ல. எழுதிக்க."

அவள் எழுதினாள். அவர் எட்டிப் பார்த்தார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். 'இல்லை' என்பது சின்ன வார்த்தை, சட்டென்று படித்துவிட்டார்.

சோபியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

திரும்பும்போது மதியம். பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஒரு அம்மா நகர்ந்து கொடுத்ததில் சோபியாவும் பிள்ளையும் உட்கார்ந்தார்கள். ஆரோக்கியமுத்து பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மீன் கூடை ஒன்று ஏறியது. டிரைவருக்குத் தலைக்குமேலே பாட்டு. ஏறுகிறவர்கள் பிள்ளையின் தோளில், தலையில், முழங்காலில் இடித்துக்கொண்டே போனார்கள்.

பிரிட்டோ கண்ணை மூடிக்கொண்டான். கீரனூர் தாண்டுகிறவரை எப்படியோ வந்துவிட்டார்கள்.

அங்கே எதிரே ஒரு டிப்பர் லாரி வந்தது. பஸ் டிரைவர் ஏர் ஹாரனை அமுக்கினார். அதே நேரம் கண்டக்டர் காதுக்கிட்டே விசில் ஊதினார்.

பிரிட்டோ கத்தியது பஸ்ஸில் இருந்த ஒருவருக்கும் பிடிக்கவில்லை. அது அழுகையே இல்லை. சோபியாவின் மடியிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்து, சீட்டுக் கம்பியில் தலையை முட்டினான். ஒரு தடவை, இரண்டு தடவை. சோபியா தூக்கப்போனாள், கன்னத்தில் பிறாண்டினான்.

"ஒரு பிஸ்கட்டாச்சும் வாங்கிக் குடுத்தாத்தான் என்ன" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"எல்லாம் போனக் குடுத்து வளக்கிறது. ரெண்டு போடு போட்டா அடங்கிரும்" என்றாள் இடம் கொடுத்த அம்மா.

"ஏம்மா, பிள்ளைய எறக்கிக் கூட்டிட்டுப் போம்மா. டிரைவருக்குக் கவனம் செதறுதுல்ல" என்றார் கண்டக்டர்.

"இந்தா வாரேன். எறங்கிர்றேன்" என்றாள் சோபியா. கன்னத்தில் ரத்தக் கோடு. மூன்றாவது தடவை அந்தச் சின்ன மண்டை கம்பியில் மோதிய சத்தம் ஆரோக்கியமுத்துவின் கேட்காத காதுக்கும் கேட்டது.

அவர் யோசிக்கவில்லை. தோளிலிருந்த துண்டை உதறினார். பிள்ளைக்குப் பின்னால் போய், அழுக்குத் தரையில், ஆட்களின் காலுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். துண்டை அவன் தலையோடு போர்த்தி, இரண்டு கையையும் உள்ளே சேர்த்து இறுக்கிச் சுற்றினார். முதுகைத் தன் நெஞ்சோடு ஒட்டி அமுக்கினார். தன் முகவாயை அவன் உச்சியில் வைத்து அழுத்தினார். ஆடவில்லை, தட்டிக்கொடுக்கவில்லை. பிடித்தார், அவ்வளவுதான்.

பிள்ளை திமிறினான். அவர் விடவில்லை. பிடி ஒரே சீராக இருந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

டிரைவர் பாட்டை நிறுத்தினார். யார் சொல்லி நிறுத்தினார் என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் துண்டுக்குள் மூச்சு நீளமாக வந்தது. திமிறல் விட்டது. ஆரோக்கியமுத்துவின் நெஞ்சுக்கூட்டில் அந்தச் சின்ன முதுகு சாய்ந்தது. நாலு வருஷத்தில் அவன் தாத்தாவிடம் இப்படிச் சாய்ந்ததில்லை.

"ஒண்ணுமில்லடா" என்றார் அவர். அவருடைய குரலா அது என்று சோபியா குனிந்தாள். அவருக்கு இவ்வளவு மெதுவாகப் பேச வரும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. "ஒண்ணுமில்லடா செவத்தி. போயிருச்சு. போயிருச்சு."

பஸ் ஓடிக்கொண்டிருந்தது. சோபியா கன்னத்தைத் துடைக்கவில்லை.

"மாமா" என்றாள். "இந்தப் பிடி யாரு சொல்லிக் குடுத்தா?"

அவர் நிமிர்ந்தார்.

"அழுத்தினா பிடிக்கும்னுதான் அந்தம்மா சொன்னாங்க, இப்படிப் பிடிக்கச் சொல்லிக் குடுக்கல. பந்துதான் உருட்டுனாங்க. இது பழகுன கை. யாருக்கு இப்படிப் பிடிச்சீங்க?" கொஞ்சம் நிறுத்தினாள். "செவத்தி யாரு?"

வேப்பமரத்துக்குக் கொண்டுபோன அன்றைக்கும் பஸ்தான். ஏற மாட்டேன் என்று செவத்தியான் தரையில் உருண்டான். அண்ணன் பிடித்தால்தான் அடங்குவான் என்று அப்பா சொன்னார். பதினாறு வயசு அண்ணன் துண்டைச் சுற்றி இப்படியே பிடித்துக்கொண்டான். வழியெல்லாம் தம்பி அவன் நெஞ்சில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தான். எங்கே போகிறோம் என்று கேட்கவே இல்லை.

ஆரோக்கியமுத்து பிள்ளையைத் துண்டோடு தூக்கி அம்மாவின் மடியில் வைத்தார். "இறுக்கிப் பிடி. தளர விடாத" என்றார்.

"ஆள் எறங்கணும்" என்று கண்டக்டரைப் பார்த்துக் கத்தினார். அந்தக் கத்தலுக்குப் பிள்ளை துண்டுக்குள் ஒருமுறை உடம்பைக் குறுக்கினான். அதையும் அவர் பார்த்தார்.

"ஊரு இன்னும் ரெண்டு ஸ்டாப்பு இருக்கே பெருசு."

"எறங்கணும்னா எறங்கணும்."

பஸ் நின்றது. கண்மாய்க்கரை ஓரம், கருவேல மரங்களைத் தவிர ஒன்றும் இல்லாத இடம். இறங்கினார். அவரைப் பார்த்துவிட்டு, அங்கே ஆட்டுக்குட்டியோடு காத்திருந்த ஒருவன் தானும் ஏறலாம் என்று ஓடி வந்தான். ஆட்டை ஏற்றக் கூடாது என்று கண்டக்டர் அவனோடு மல்லுக்கு நின்றார். பஸ் கிளம்பவில்லை.

ஜன்னல் வழியே சோபியா தலையை நீட்டினாள்.

"மாமா, கல்லறைத் திருநாளைக்கு நம்ம அத்தை கல்லறையில ஏத்திட்டு, அங்கிட்டு சிலுவை இல்லாத மேட்டுல ஒரு மெழுகுதிரி ஏத்துவீங்களே. அதுதான் செவத்தியா?"

ஊருக்குப் போகிற திசையில் நடந்தால் பஸ் வலது பக்கம் வரும். அது கேட்கிற காது. ஆரோக்கியமுத்து வந்த வழியே திரும்பினார். பஸ் இடது பக்கம் வந்தது.

"திங்கக்கிழமை நான் போன் பண்ணி அந்தப் பாரத்த மாத்தச் சொல்லட்டுமா மாமா? சொல்லுங்க. இவனுக்கு ஆகும்னுதானே கேக்குறாங்க."

கேட்காத காதிலும் அது விழத்தான் செய்தது. அவர் நிற்கவில்லை. துண்டு இல்லாத தோளில் வெயில் சுரீர் என்று பட்டது.

பேர் வேண்டுமாம், பேர். பந்து உருட்டுகிறவளுக்கும் வேண்டும், போன் தடவுகிறவளுக்கும் வேண்டும். இன்றைக்குச் சிரித்துக்கொண்டு கேட்பார்கள், நாளைக்கு எழுதுவார்கள். எழுதியதற்கு அப்புறம் எவன் சங்கிலியோடு வருவான் என்று இவர்களுக்கு என்ன தெரியும்? காலம் மாறிவிட்டது என்பார்கள். அன்றைக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஊருக்கு எதிர்த்திசையில், கண்மாய்க்கரை ஓரமாக, ஆரோக்கியமுத்து போய்க்கொண்டே இருந்தார்.